உரிய பதிவுக் கோப்பு

காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக நாங்கள் எழுதிக் கொடுத்திருந்த சோப் சேவை, அதாவது மற்ற நிரல்கள் எக்ஸ்எம்எல் செய்தி அனுப்பிப் பதில் பெறும் ஜாவா செயலி, அத்தகைய செயலிகளை இயக்கும் டாம்கேட் 9 சர்வரில் இரண்டு ஆண்டுகளாக எந்தத் தொல்லையும் தராமல் ஓடிக்கொண்டிருந்தது. பழைய எந்திரத்தை நிறுத்திவிட்டுப் புதியதற்கு மாற வேண்டும் என்று அவர்கள் கேட்டபோது, செயலி முழுவதையும் கட்டிவைத்த அதே வார் கோப்பை அங்கே நகலெடுத்து வைத்தால் போதும் என்றுதான் நானே திட்டத்தில் எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமை இரவு 11 மணி முதல் விடிகாலை 4 மணி வரை எங்களுக்கு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அரை மணி நேர வேலை என்ற நம்பிக்கையில் நான் இரவுச் சாப்பாடுகூட வாங்கி வைக்கவில்லை.

கோப்பை வைத்து சர்வரைத் தொடங்கியதும், டாம்கேட் தன் நடப்புகளை எழுதிவைக்கும் கேட்டலினா பதிவின் கடைசியில் சர்வர் இத்தனை மில்லிசெகண்டில் தொடங்கிவிட்டது என்ற வழக்கமான வரி வந்தது. "ஸ்டார்ட் ஆகிடுச்சு அண்ணா" என்றான் என்னுடன் இருந்த இளைஞன். அந்த வரி சர்வர் எழுந்துவிட்டதை மட்டுமே சொல்கிறது. அதற்குள் வைத்த செயலி எழாமல் போனாலும் அது தவறாமல் வரும். சேவையின் விவரக் குறிப்பான டபிள்யூஎஸ்டிஎல்லின் முகவரியைத் திறந்தால், கேட்டது கிடைக்கவில்லை என்னும் 404 பிழை.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவும் இல்லை. கோரிக்கைகளை வாங்கி சர்வருக்கு அனுப்ப முன்னால் நிற்கும் ப்ராக்ஸியில் பாதை தவறியிருக்கலாம் என்று அதன் அமைப்பைத் திருத்தினோம். கோப்பின் உரிமையாளரையும் அனுமதிகளையும் மாற்றினோம். மூன்று முறை சர்வரை நிறுத்தித் தொடங்கினோம். ஒரே நேரத்தில் நான்கு இடங்களில் கை வைத்திருந்ததால், எதை மாற்றியதால் என்ன நடந்தது என்பதே தெரியாத நிலைக்கு வந்துவிட்டோம். அந்த எந்திரத்துக்குள்ளேயே நுழைந்து டாம்கேட்டின் 8080 போர்ட்டை நேராகக் கர்ல் கட்டளை கொண்டு கேட்டிருந்தால், ப்ராக்ஸிக்கு இதில் பங்கில்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். அதை நாங்கள் நள்ளிரவு தாண்டித்தான் செய்தோம். அங்கும் அதே 404.

அதன் பிறகே கேட்டலினா பதிவை மேலிருந்து வரிவரியாகப் படித்தேன். தொடக்க வரிக்குச் சற்று மேலே, ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட லிசனர்கள் (செயலி எழும்போது இயங்கும் துணை வகுப்புகள்) தொடங்கவில்லை, முழு விவரம் உரிய கன்டெய்னரின் (செயலியைத் தாங்கும் டாம்கேட் பகுதியின்) பதிவுக் கோப்பில் உள்ளது என்று எழுதியிருந்தது. 'உரிய அலுவலரை அணுகவும்' என்று பலகை மாட்டிவிட்டு, அந்த அலுவலர் எந்த மாடியில் இருக்கிறார் என்று சொல்லாத அரசு அலுவலகம் நினைவுக்கு வந்தது. அந்த உரிய கோப்பு அதே அடைவில், லோக்கல்ஹோஸ்ட் என்று தொடங்கி அன்றைய தேதியைத் தாங்கி, முழு இரவும் எங்கள் கண்ணெதிரேதான் கிடந்தது. திறந்தோம். ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்று தொடங்கும் வகுப்பு ஒன்று கிடைக்கவில்லை என்ற பிழை அதில் இருந்தது. சர்வ்லெட் என்பது இணையக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் ஜாவா வகுப்பு.

இளைஞன் உடனே அந்த வகுப்புகள் அடங்கிய பழைய சர்வ்லெட் ஜார் கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து, செயலியின் லிப் அடைவில் போட்டான். கேட்டலினா பதிவிலிருந்து லிசனர் பிழை மறைந்தது. ஆனாலும் 404. முன்பு வந்த பக்கத்தையும் இப்போது வந்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான், இரண்டும் ஒரே 404 அல்ல என்பது கண்ணில் பட்டது. முதல் பக்கத்தில் 'செய்தி' என்ற வரியே இல்லை. வேறெந்தச் செயலிக்கும் பொருந்தாத முகவரிகளுக்குப் பதில் சொல்லும் ரூட் செயலியைப் பாதுகாப்புக்காக நீக்கியிருந்த அந்தச் சர்வரில், எங்கள் செயலி எழாததால், கேட்ட முகவரிக்குப் பதில் சொல்ல எந்தச் செயலியும் இருக்கவில்லை. சர்வர் வெறுமனே கை விரித்திருந்தது. இரண்டாவது பக்கத்தில், எங்கள் சர்வ்லெட்டின் பெயரைச் சொல்லி, அது கிடைக்கவில்லை என்ற செய்தி இருந்தது. அதாவது செயலி எழுந்துவிட்டது, அதற்குள் இருந்த சர்வ்லெட்தான் ஏற்கப்படவில்லை. லோக்கல்ஹோஸ்ட் பதிவு காரணத்தைச் சொன்னது: இந்த வகுப்பு ஒரு சர்வ்லெட் அல்ல.

இரண்டு ஆண்டுகள் சர்வ்லெட்டாக ஓடிய வகுப்பு எப்படிச் சர்வ்லெட் அல்லாமல் போகும்? புதிய எந்திரத்தில் நிறுவப்பட்டிருந்தது டாம்கேட் 10 என்பதை அப்போதுதான் பார்த்தேன். ஆரக்கிள் நிறுவனம் 2017இல், சர்வ்லெட்டும் அடங்கிய ஜாவா ஈஈ தொழில்நுட்பத்தை எக்ளிப்ஸ் அறக்கட்டளைக்குக் கொடுக்க முடிவு செய்தது. ஆனால் ஜாவாஎக்ஸ் என்ற பெயரின் கீழ் அதை மேற்கொண்டு வளர்ப்பதற்கான உரிமையில் இரு தரப்புக்கும் உடன்பாடு எட்டவில்லை. அதனால் அதன் தொடர்ச்சியாக 2020 இறுதியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9 பதிப்பில், வகுப்புகள் அடங்கிய தொகுப்புகளின் பெயர்கள் ஜாவாஎக்ஸிலிருந்து ஜகார்த்தா என்று மாறின. டாம்கேட் 9 பழைய பெயரையும், 10 புதிய பெயரையும் பின்பற்றுகின்றன. எங்கள் வகுப்பு பழைய பெயரில் சர்வ்லெட்டாக இருந்தது. புதிய சர்வருக்கு அந்தப் பெயர் யாரோ ஒரு அந்நியருடையது. நாங்கள் போட்ட ஜார் கோப்பு அந்த அந்நியரை வீட்டுக்குள் அழைத்து வந்து உட்கார வைத்ததே தவிர, உறவாக்கவில்லை. லிசனரையும் சர்வர் அடையாளம் காணாமல் சத்தமின்றி ஒதுக்கிவிட்டிருந்தது. பிழை மறைந்ததற்கு அதுதான் காரணம்.

பழைய செயலிகளை இதற்கென்று உள்ள தனி அடைவில் வைத்தால், டாம்கேட் 10 அவற்றைத் தானே புதிய பெயருக்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்காத மாற்றத்தை விடிகாலை 2 மணிக்கு நேரலையில் இறக்க எனக்குத் துணிவு வரவில்லை. வாடிக்கையாளர் தரப்புப் பொறியாளரிடம் நிலைமையைச் சொன்னேன். "வெர்ஷன் மாறினா பிரச்சினை வரும்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான். எந்தப் பதிப்பு வேண்டும் என்று என் திட்டத்தில் ஒரு சொல்கூட இல்லை. டாம்கேட் 9ஐ நிறுவி, கூடுதலாகப் போட்ட ஜாரை எடுத்துவிட்டு, அதே வார் கோப்பை வைத்தோம். 3 மணிக்கு டபிள்யூஎஸ்டிஎல் திறந்தது.

அடுத்த மாதம் நிரலையே புதிய பெயர்களுக்கு மாற்றினோம். இளைஞன் ஒரே கட்டளையில் எல்லாக் கோப்புகளிலும் ஜாவாஎக்ஸை ஜகார்த்தா ஆக்கினான். தரவுத்தள இணைப்புக்கான ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல் தொகுப்பு ஜாவாவின் அடிப்படைப் பதிப்பைச் சேர்ந்தது, அதன் பெயர் மாறவே இல்லை. அவன் கட்டளை அதையும் சேர்த்து மாற்றிவிட்டிருந்தது. நிரல் கோப்புகளில் இருந்த அந்தப் பிழைகளை கம்பைலர் பிடித்துக் கொடுத்தது. அமைப்புகளைக் குறிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில், தரவுத்தள இணைப்பைத் தரும் டேட்டாசோர்ஸின் வகையாக எழுதியிருந்த ஓரிடத்தை மட்டும் அது பார்க்காது. சோதனைச் சர்வரில் செயலி நன்றாகவே எழுந்து, முதல் அழைப்பில் விழுந்தது. இந்த முறை இளைஞன் சர்வரை மறுபடி தொடங்கவில்லை. பதிவில் இருந்த, ரிசோர்ஸை உருவாக்க முடியவில்லை என்ற வரியை எனக்கு அனுப்பிவிட்டு, அந்த எக்ஸ்எம்எல் கோப்பைத் திறந்துகொண்டிருந்தான்.