மெட்ராஸ் யூனிவர்சிட்டில வரலாறு பிஎச்டி: நான் போன வழி

மெட்ராஸ் யூனிவர்சிட்டில பிஎச்டி சேர்றது எப்படின்னு நிறைய பேர் கேக்குறாங்க, தனித்தனியா சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிடுறேன். நான் பண்ணது வரலாறு, ஃபுல் டைம், ஜேஆர்எஃப்ல, அதாவது நெட்ங்குற தேசிய தகுதித் தேர்வு மூலமா கிடைக்குற மாசாந்திர உதவித்தொகைல.

இது ஒரே கேம்பஸ் கிடையாது, அத மொதல்ல புரிஞ்சுக்கோங்க. வரலாறு, பொருளாதாரம் எல்லாம் சேப்பாக்கம், தமிழும் மத்த மொழிகளும் அதே கடற்கரை ரோட்ல இருக்க மெரினா கேம்பஸ், சயின்ஸ் பெரும்பாலும் கிண்டி, மெடிக்கல் ஆராய்ச்சி தரமணி. கணக்குக்கு மட்டும் ராமானுஜன் இன்ஸ்டிட்யூட் சேப்பாக்கத்துலயே இருக்கு. இது போக அஃபிலியேட்டட் காலேஜ்கள்லயும் ரிசர்ச் டிபார்ட்மென்ட் இருக்கு, அங்க பண்ணாலும் பட்டம் யூனிவர்சிட்டி பட்டம்தான். 1857ல லண்டன் யூனிவர்சிட்டி மாதிரில ஆரம்பிச்சப்போ பரீட்சை வெச்சு பட்டம் கொடுக்குறதுதான் இதோட வேலை, ஆராய்ச்சித் துறைங்க பின்னாடிதான் வந்துச்சு, எங்க வரலாற்றுத் துறை 1914ல. சோழர் வரலாறு எழுதுன நீலகண்ட சாஸ்திரி புரொபசரா இருந்த துறை.

எல்லாத்தையும் விட பெரிய வேலை கைடு, அதாவது ஆராய்ச்சிய வழிநடத்துற ஆசிரியர், கிடைக்குறதுதான். நெட் பாஸ் பண்ணிட்டோம், ஜேஆர்எஃப் இருக்கு, அப்புறம் என்னன்னு நினைச்சுடாதீங்க. யூனிவர்சிட்டிங்களுக்கு விதி போடுற மத்திய அமைப்பான யுஜிசியோட விதிப்படி ஒரு புரொபசர்கிட்ட 8 பேரு, அசோசியேட்கிட்ட 6, அசிஸ்டென்ட்கிட்ட 4, அவ்ளோதான் சேர முடியும். நல்ல கைடுன்னு பேர் எடுத்தவங்ககிட்ட வேகன்சியே இருக்காது. அதனால அவங்க எழுதுன ஆர்ட்டிகிள் ரெண்டு மூணாவது படிச்சுட்டு, நாம என்ன பண்ணப்போறோம்னு ரெண்டு பக்கத்துல எழுதி எடுத்துட்டு நேர்ல போங்க, வெறும் மெயில் மட்டும் அனுப்பிட்டு உக்காந்திருக்காதீங்க. நான் மெட்ராஸ் பிரசிடென்சி ஏரிப் பாசனம்னு கொண்டுபோனேன். என் கைடு மேடம் பொறுமையா முழுசும் படிச்சுட்டு, "தம்பி, இது பத்து பேர் பண்ற வேலைப்பா, செங்கல்பட்டு ஜில்லா மட்டும் எடுத்துக்கோ, 1858 சட்டத்துல இருந்து ஆரம்பி"ன்னாங்க. குடிமராமத்து வேலைக்கு, அதாவது ஊர்க்காரங்களே சேந்து ஏரி, வாய்க்கால சரிபண்ற வேலைக்கு, ஊர் ஜனங்கள கட்டாயமா வரவைக்குறதுக்கு வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது. அந்த ஒரு வரிதான் என் தீசிஸ காப்பாத்துச்சுன்னு இன்னைக்கும் சொல்லுவேன்.

அப்புறம் இன்டர்வியூ, ரிஜிஸ்ட்ரேஷன், கோர்ஸ் ஒர்க், அதுல ரிசர்ச் எதிக்ஸ் பேப்பர் கட்டாயம். படிச்சா பாஸ் பண்ணிடலாம், பயப்பட ஒண்ணும் இல்ல. டாக்டோரல் கமிட்டி, அதாவது நம்ம ஆராய்ச்சி எப்படிப் போகுதுன்னு பாக்குற குழு, முன்னாடி அப்பப்ப பிரசன்டேஷன் குடுக்கணும்.

நிஜமான வேலை எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான். டிபார்ட்மென்ட் லெட்டர் கொண்டுபோகணும். மொதல்ல இன்டெக்ஸ் வால்யூம்ல தேடி நம்பர் எடுத்து, ஸ்லிப் எழுதிக் குடுத்து, ஃபைல் கட்டு வர்ற வரைக்கும் காத்திருக்கணும். போர்ட் ஆஃப் ரெவின்யூ (அந்தக் கால வருவாய் வாரியம்) ப்ரொசீடிங்ஸ் பக்கம் எல்லாம் ஓரம் பழுப்பேறி, திருப்பும்போதே பொடிப்பொடியா மேஜைல உதிரும், அதனால ரெண்டு கையாலயும் பக்கத்த தாங்கித்தான் திருப்பணும். ரொம்ப நொறுங்குன கட்டு தரமாட்டாங்க, அது நியாயம்தான், நமக்கு அப்புறம் வர்றவங்களுக்கும் அது வேணும்ல. ஒரு ஏரிக் கலங்கல் (மிச்சத் தண்ணி வழியுற எடம்) உடைஞ்சத பத்தி கலெக்டர் எழுதுன லெட்டர் கிடைச்ச அன்னைக்கு எனக்கு சாப்பாடே தேவைப்படல.

காசு விஷயம். நான் சேர்ந்தப்போ ஜேஆர்எஃப் மாசம் 31,000, 2023 ஜனவரில இருந்து அது 37,000 ஆச்சு, அதுக்கு அடுத்த கட்டமான எஸ்ஆர்எஃப்க்கு 42,000. 1913ல ராமானுஜனுக்கு இதே யூனிவர்சிட்டி மாசம் 75 ரூபா ஸ்காலர்ஷிப் குடுத்துச்சு, அந்தப் பணம் வந்ததாலதான் அவரு க்ளார்க் வேலைய விட்டுட்டு கணக்குல முழுசா உக்கார முடிஞ்சுது. பணம் வர லேட்டாகுற மாசமும் உண்டு, நாலஞ்சு மாச செலவுக்கு கைல வெச்சுக்கோங்க, குடும்பம் இருந்தா கண்டிப்பா.

கடைசில சினாப்சிஸ் (தீசிஸோட சுருக்கம்), ப்ளேஜியரிசம் செக் (மத்தவங்க எழுத்து கலந்திருக்கான்னு பாக்குறது), அதுல ஒற்றுமை 10 சதவீதம் வரைக்கும் பிரச்சினை இல்ல. எங்க 2016 விதில ஒரு ஜர்னல் பேப்பரும் ரெண்டு கான்ஃபரன்ஸும் கட்டாயம், 2022 யுஜிசி விதில அந்தக் கட்டாயத்த எடுத்துட்டாங்க, ஆனா உங்க துறைல என்ன கேக்குறாங்கன்னு விசாரிச்சுக்கோங்க. தீசிஸ் வெளி எக்ஸாமினர்ங்களுக்குப் போய் ரிப்போர்ட் வர்றதுக்கு டைம் ஆகும், அந்த நேரத்துல புக் ரிவ்யூ ஏதாவது எழுதுங்க, சும்மா இருந்தா மனசு ஓடிக்கிட்டே இருக்கும்.

வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு, பப்ளிக், யாரு வேணா வந்து உக்காரலாம், கேள்வியும் கேக்கலாம். இப்ப சேரப்போறவங்க சீனியர்ங்களோட வைவாவுக்கு ஒரு தடவையாவது போயிட்டு வாங்க, எந்த எடத்துல எப்படி மடக்குறாங்கன்னு நேர்ல பாத்தாதான் தெரியும், முடிஞ்சவங்க தீசிஸ் எல்லாம் ஷோத்கங்காங்குற ஆன்லைன் தீசிஸ் களஞ்சியத்துல ஃப்ரீயா கிடைக்குது, அதையும் இறக்கிப் பாத்துட்டுப் போனீங்கன்னா கேள்வி இன்னும் நல்லா புரியும்.