பட்டியலில் இல்லாத வீடுகள்

பிப்ரவரி 3

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியதற்குக் கிடைத்த பரிசு. குழுவின் பெயரும் நீளம்தான்: நீண்டகால மறுசீரமைப்புத் திட்டக் குழு. புயல் வந்துபோய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிவாரண லாரிகள் திரும்பிய இடத்தில் இப்போது எருக்கு மண்டிக் கிடக்கிறது.

முதல் கூட்டம் முழுவதும் ஒரே பேச்சு, சுவர். கடலை ஒட்டிப் பெரிய சுவர் எழுப்பிவிட்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடுமாம். ஜப்பானில் தாரோ என்ற ஊரில் 10 மீட்டர் உயரச் சுவர் இருந்தது, 2011 மார்ச் 11 அன்று ஆழிப்பேரலை அதைத் தாண்டி உள்ளே வந்தது, சுவரை நம்பி வீட்டிலேயே தங்கிவிட்டவர்களும் இறந்தார்கள் என்று சொன்னேன். வாத்தியார் பேச்சுக்கு மறுபேச்சு இருக்காது என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

என்னிடம் படித்த பையன் ஒருவன் எழுந்தான். வகுப்பில் வாயே திறக்காதவன். "ஐயா, அதே ஜப்பானில் ஃபுடாய் என்றொரு கிராமம் இருக்கிறது. 15.5 மீட்டர் உயரத்தில் வெள்ளக் கதவு கட்டினார்கள். வீண் செலவு என்று தலைவரைத் திட்டினார்கள். 2011இல் அந்தக் கதவுதான் ஊரைக் காப்பாற்றியது" என்றான். உண்மைதான். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். ஆனால் ஃபுடாய் இரண்டு மலைகளுக்கு நடுவே குறுகிய பள்ளத்தாக்கில் இருக்கிறது. வாயை அடைத்தால் போதும். எங்களுடையது மல்லாந்து கிடக்கும் சமவெளி. எங்கே அடைத்தாலும் தண்ணீர் சுற்றிக்கொண்டு வரும். அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல வேண்டும். அவன் கேட்டதையும் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும்.

பிப்ரவரி 11

தண்ணீர் எதுவரை வந்தது என்று சுண்ணக்கட்டியோடு தெருத்தெருவாக நடந்தோம். "இடுப்பளவு வந்தது" என்றார் ஒருவர். யார் இடுப்பு? அவர் ஆறடி, பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஐந்தடிகூட இல்லை. அந்த அம்மாள் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். இரண்டும் ஒரே உயரம்தான், அளந்து பார்த்தேன்.

இரண்டே ஆண்டுகளில் மூன்று தெருக்காரர்களுக்கு நினைவு மங்கிவிட்டது. பள்ளி ஜன்னலுக்குக் கீழே இருந்த சேற்றுக் கோட்டின்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். அடித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகள் தினமும் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

இந்தோனேசியாவின் சிமலூவே தீவில் 1907இல் பேரலை வந்தது. அந்தத் தலைமுறை அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துத் தாலாட்டிலும் கதையிலும் சேர்த்துவிட்டது. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு, அவ்வளவுதான் சேதி. 2004 டிசம்பர் 26 அன்று சுமார் 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். ஜப்பானின் அனெயோஷியில் இதே வேலையை ஒரு கல் செய்தது: இதற்குக் கீழே வீடு கட்டாதே. 2011இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றது.

எங்களிடம் சுண்ணக்கட்டிதான் இருக்கிறது. அடுத்த மழைக்குள் எண்ணெய்ச் சாயமாக மாற்ற வேண்டும்.

பிப்ரவரி 19

இன்று கிணறுகள். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

புயல் முடிந்த வாரத்தில் வெளியிலிருந்து மோட்டார் கொண்டுவந்து கரையோரக் கிணறுகளை வற்ற வற்ற இறைத்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலை. முதல் இறைப்பில் கொஞ்சம் தெளிந்தது. நான்காவது இறைப்பில் முன்னைவிட உப்பாகிவிட்டது. அன்று யாருக்கும் காரணம் புரியவில்லை.

மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை அதுவே இருக்கும் என்பது பழைய கணக்கு. மேலே 1 மீட்டரை உறிஞ்சினால் கீழே எவ்வளவு போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டு இறைத்தால் உப்பு கீழிருந்து மேலேறி வரும். 2004க்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையிலும் இப்படித்தான் நடந்தது. சேற்றையும் அழுக்கையும் அகற்றிவிட்டு, கொஞ்சமாக இறைத்து, மீதியை மழைக்கு விட்டுவிடுவதே நல்லது என்று ஆய்ந்தவர்கள் பிறகு சொன்னார்கள். மழைதான் மேலிருந்து உப்பைத் தள்ளும்.

வயலிலும் இதே கதை. கடல்நீர் நின்ற மண்ணில் சோடியம் ஏறி, மண் இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. ஜிப்சம் போட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். ஆனால் வெளியேறியதைக் கழுவிக்கொண்டு போக நல்ல தண்ணீரும், அது வடிந்துபோக வாய்க்காலும் வேண்டும். எங்கள் வடிகால் இரண்டு ஆண்டுகளாகத் தூர்ந்து கிடக்கிறது. வடிகால் இல்லாமல் ஜிப்சம் மூட்டையைத் தலையில் சுமந்து என்ன பயன்? திட்டத்தில் முதல் வரியாக வடிகாலை எழுதினேன். சுவருக்காகப் பேசியவர்கள் யாரும் வடிகாலுக்காகக் கைதட்டவில்லை.

மார்ச் 2

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

திட்டத்துக்கு அடிப்படையாக, புயலின்போது எடுத்த சேதப் பட்டியலையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பழைய குறிப்பேட்டைத் திறந்தேன். என் கையெழுத்து. அன்று பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் எழுதினேன். வந்து நின்றவர்களின் பெயரை எழுதினேன், பத்திரம் காட்டியவர்களை முதலில் எழுதினேன். பத்திரத்தைத் தண்ணீர் கொண்டுபோனவர்களை "பிறகு வாருங்கள்" என்று அனுப்பினேன்.

வாடகைக்கு இருந்தவர்கள் அதில் இல்லை. வீட்டுக்காரர் பெயரில் நிவாரணம் வந்தது, குடியிருந்தவர்களின் பாத்திரமும் பாயும் யார் கணக்கிலும் வரவில்லை. மாமனார் பெயரில் உள்ள வீட்டில் இருக்கும் விதவை இல்லை. வாய்க்காலுக்கு அப்பால் இருக்கும் குடிசைகள் ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவர்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. பிறர் வலையை இழுத்து, பிறர் மீனைக் காயவைத்துக் கூலி வாங்குகிறவர்கள். எங்கள் கூட்டம் நடக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தக் குடிசைகள் தெரியாது. அதனால்தான் அங்கே கூடுகிறோம் என்று சொல்லவில்லை. ஆனால் கூடும் இடத்தை மாற்றலாம் என்று இதுவரை யாருக்கும் தோன்றவுமில்லை.

2004க்குப் பிறகு தமிழ்நாட்டு மீனவக் கிராமங்களைப் பற்றி டேனியல் ஆல்ட்ரிச் என்ற அரசியல் ஆய்வாளர் எழுதியதைப் படித்தேன். ஊர்ப் பஞ்சாயத்து வலுவாக இருந்த இடங்களுக்கு உதவி வேகமாக வந்துசேர்ந்தது. அதே வலுதான் தலித்துகளையும் விதவைகளையும் வெளியே நிறுத்தியது என்கிறார். கட்டுக்கோப்பான ஊர் என்று நாங்கள் பெருமைப்படுவதில் இந்தப் பாதியும் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் அங்கிருந்தே கிடைத்தது. அந்த மறுகுடியமர்வில் புதிய வீட்டைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்று அரசு விதித்தது. இதை நம் திட்டத்திலும் சேர்க்க வேண்டும் என்றதும் கூட்டத்தில் பின்வரிசையில் இருமல் சத்தம் கேட்டது. முன்வரிசையில் இருந்த செவிலியர் அக்கா திரும்பிப் பார்த்தார். இருமல் நின்றுவிட்டது.

மார்ச் 9

கூட்டத்துக்கு நான்கு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மார்ச் 16

இடம்பெயர்வு. எதிர்பார்த்தபடியே சண்டை.

கடலுக்குப் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று ஒரு கோடு போட்டுவிடுவது எளிது. இலங்கையில் 2004க்குப் பிறகு தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று போட்டார்கள். கோட்டுக்கு வெளியே நிலம் தேடுவதற்குள் மக்கள் கூடாரத்தில் சோர்ந்துபோனார்கள், பிறகு கோட்டையே தளர்த்த வேண்டியதாயிற்று. ஜப்பானின் ரிக்குசென்தகாதாவில் நேர்மாறான கதை. மலையை வெட்டி, மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் கொண்டுவந்து கொட்டி, நகரத்தின் நிலத்தையே 10 மீட்டருக்கும் மேல் உயர்த்தினார்கள். வேலை முடியப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் பலர் வேறு ஊர்களில் வேர்விட்டுவிட்டார்கள். உயர்த்திய மனைகளில் நிறைய இடம் காலியாகவே கிடக்கிறது.

அந்தக் காலி மனைகளின் படத்தை எல்லோருக்கும் காட்டினேன். சண்டை கொஞ்ச நேரம் ஓய்ந்தது.

பெரியவர் ஒருவர் கேட்டார்: "கடலைப் பார்க்காமல் காலையில் எப்படி முடிவெடுப்பது?" காற்றையும் நிறத்தையும் பார்த்துத்தான் படகு இறங்கும். மேட்டில் இருந்தால் அது தெரியாது. மீன் விற்கும் அம்மாள் ஒருவர் கேட்டது இன்னும் கடினம்: "விடியுமுன் ஏலத்துக்கு வர வேண்டும். தலையில் கூடையோடு எவ்வளவு தூரம் நடப்பேன்?" கடலோரத்தை வரைபடத்தில் பார்க்கிறவர்கள் கூடையைப் பார்ப்பதில்லை.

கடைசியில் எட்டியது இது: தூங்குவது மேட்டில், தொழில் கரையில். வலைக் கொட்டகையும் இயந்திரப் பட்டறையும் ஏலத் திடலும் கீழே இருக்கும், தண்ணீர் வந்தால் போகட்டும் என்ற துணிவோடு எளிமையாகக் கட்டப்படும். வீடு, பள்ளி, சுகாதார நிலையம், குடிநீர்த் தொட்டி மேலே. நடுவில் கூடையோடு நடக்கத் தக்க பாதையும் விளக்கும். பாதை வரும் முன் ஒரு வீடும் நகராது என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். திட்டத்தில் எனக்குப் பிடித்த வரி இதுதான்.

ஏப்ரல் 4

வெளியூர் அமைப்பு ஒன்று படகுகள் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஊரே மகிழ்ச்சியில் இருக்கிறது. நான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

2004க்குப் பிறகு தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சில இடங்களில் இழந்ததைவிட அதிகமான படகுகள் வந்திறங்கின. புகைப்படத்துக்குப் படகு அழகு. கடலில் மீன் மட்டும் கூடவில்லை. எங்களுக்கு இப்போது படகைவிட, பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் உதிரிப் பாகங்களும் பனிக்கட்டி வைக்க இடமும்தான் தேவை. இதைச் சொன்னதும், "உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, சொல்வீர்கள்" என்றார் ஒருவர். நியாயமான அடி. வாங்கிக்கொண்டேன்.

படகு வேண்டாம் என்று எழுதவில்லை. இழந்த படகுகளின் எண்ணிக்கைக்கு மேல் வேண்டாம், மீதிக்குப் பட்டறை அமைத்துத் தாருங்கள் என்று எழுதியிருக்கிறோம். பதில் வரவில்லை.

ஏப்ரல் 20

வெளியேறும் பாதையை நடந்து பார்த்தோம். எங்கே கூடுவது என்ற இடத்தில் "பொருத்தமான மேடான இடம்" என்று நானே எழுதியிருந்தேன். நல்ல தமிழ். ஒன்றுக்கும் உதவாது.

ஜப்பானின் இஷினோமாகி நகரில் உள்ள ஒகாவா தொடக்கப் பள்ளியின் கையேட்டிலும் இப்படித்தான் பொதுவாக, அருகிலுள்ள காலி இடம், பூங்கா என்று எழுதியிருந்தது. 2011இல் எங்கே போவது என்று தெரியாமல் பள்ளி மைதானத்தில் நேரம் போனது. பின்னால் மலை இருந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் இறந்தார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். முன்கூட்டியே சரியான திட்டம் வகுக்காததும் கவனக்குறைவுதான் என்று 2018இல் உயர் நீதிமன்றம் சொன்னது. ஆசிரியராக இருந்தவன் இதை எப்படிப் படிப்பான்? மூன்று முறை மூடி மூடித் திறந்தேன்.

அந்தச் சொற்றொடரை அடித்துவிட்டு, எந்தக் கட்டடம், எந்தப் படிக்கட்டு, பூட்டின் சாவி யாரிடம், அவர் இல்லாவிட்டால் யாரிடம் என்று எழுதினேன். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து அங்கே வர ஒரே ஒரு பாலம், அதுவும் பனைமரத்துண்டு. தண்ணீர் ஏறினால் முதலில் போவது அதுதான். பாலம், வடிகாலுக்கு அடுத்த வரிக்கு ஏறியது.

மே 5

கூட்டத்தை இன்று வாய்க்காலுக்கு அப்பால் வைத்தோம். படகுக்காரர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் எங்கே உட்காருவது என்று கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

புதிய பட்டியலை ஒவ்வொரு பெயராக உரக்கப் படித்தேன். வீடு யார் பெயரில் என்று கேட்கவில்லை. யார் குடியிருக்கிறார்கள், நடக்க முடியாதவர் யார், கர்ப்பிணி யார் என்று மட்டும். ஓர் அம்மாள் தன் பெயர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். விரலை அந்த வரியில் வைத்துக்கொண்டு, "நான்கு பேர் என்று படித்தீர்கள். ஐந்து. பேத்தி பிறந்து பத்து நாள்" என்றார். திருத்தினேன்.

விரலை எடுக்காமலேயே கேட்டார்: "புயலப்போ பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்தார்களே, அந்தப் பட்டியலை எழுதியது யார்?"

"நான்தான்."

"என் மகள் படித்துப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், நம் பெயர்தான் இல்லையாம்."

அடுத்த வீட்டுக்காரர் காத்திருந்தார். அவர் வீட்டில் ஆறு பேர், ஒருவருக்குக் கால் நடக்க வராது.