ரிமோட் யார் கையில்?

போன மாதம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு தட்டுவடை செட் வண்டி முன்னால் நின்றுகொண்டிருந்தோம். அக்கா மகன் வாய் நிறைய பீட்ரூட் துருவலோடு, "மாமா, டிவியில மாட்டி ஆடுற பிஎஸ் 5 வாங்கலாமா, இல்ல கையில வெச்சு ஆடுற மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டான். காலேஜ் நேரம் போக, செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதி ஒரு வருடமாகச் சேர்த்த காசு அது. யூடியூபில் முப்பது நாற்பது வீடியோ பார்த்திருப்பான் போல, டெராஃப்ளாப், 120 ஃபிரேம், ரே ட்ரேசிங் என்று எல்லாவற்றையும் திருக்குறள் மாதிரி ஒப்பிக்கிறான்.

நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "மாப்ள, உங்க வீட்ல சாயங்காலம் ஏழு மணிக்கு ரிமோட் யாருகிட்ட இருக்கும்?"

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான். "அப்பாயிகிட்ட."

"எத்தன மணி வரைக்கும்?"

"பத்து."

"அப்புறம்?"

"அப்பா ஹால்லதான் படுப்பாரு."

அவ்வளவுதான் விஷயம். ஐம்பதாயிரம் ரூபாய் பெட்டியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் எழுந்திருக்கும் முன்னால் இரண்டு மணி நேரம் ஆடப்போகிறான். மீதி நேரம் அது டிவி ஸ்டாண்டில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எந்த மெஷினில் படம் நன்றாகத் தெரியும் என்று எல்லாரும் பேசுகிறார்கள், எந்த மெஷின் உன் வீட்டில் உன் கைக்கு வந்து சேரும் என்று யாரும் பேசக் காணோம்.

எனக்கு இது சின்ன வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும். அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டில் முன்பக்கம் தறி, பின்பக்கம் நாங்கள். 1996 வாக்கில் தீபாவளி போனஸ் வந்த கையோடு அப்பா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். ஜப்பான் கம்பெனி நிண்டெண்டோவின் ஃபேமிகாம் என்ற கேம் மெஷினைப் பார்த்துச் செய்த நகல் என்பதெல்லாம் பல வருடம் கழித்துத் தெரிந்தது, அப்போது அது வீடியோ கேம், அதில் செருகுவது கேசட். மஞ்சள் கேசட்டில் 9999 கேம் என்று எண்ணிக்கை போட்டிருப்பார்கள், உள்ளே போனால் ஒரே இருபது கேம் பேர் மாற்றி மாற்றி வரும். கேசட் ஓடவில்லை என்றால் கழற்றி அடியில் ஊதிச் செருக வேண்டும். அது ஊதியதால் ஓடியதா, கழற்றிச் செருகியதால் ஓடியதா என்று யாரும் கேட்கவில்லை. (கழற்றிச் செருகியதுதான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு பின்கள் கெட்டுத்தான் போகும்.)

காண்ட்ரா என்று இரண்டு பேர் சேர்ந்து சுட்டுக்கொண்டே போகும் கேம், அதில் மூன்றாவது ஸ்டேஜ் அருவி. திரை மேல்நோக்கி நகரும், ஒருவன் அவசரமாக மேலே தாவிவிட்டால் கீழே நிற்பவன் திரைக்கு வெளியே போய்ச் செத்துவிடுவான். பெரியப்பா மகன் வேண்டுமென்றே தாவுவான். நான் "இருடா இரு" என்று கத்துவேன், தறிச் சத்தத்தில் அவன் காதில் விழாது, அல்லது விழுந்தும் விழாத மாதிரி இருப்பான். இன்றைக்கு அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், ஆனாலும் அந்த அருவியை நான் மன்னிக்கவில்லை.

அந்தப் பெட்டியோடு ஒரு துப்பாக்கியும் வந்தது, வாத்து சுடுவதற்கு. அது எப்படி வேலை செய்தது என்பது இப்போதும் எனக்கு அழகாகத் தோன்றும் ஒன்று. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போகாது. விசையை அழுத்தினதும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், துப்பாக்கி முனையில் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. பழைய குண்டு டிவி படத்தை உடனுக்குடன் வரைந்ததால் இது நடந்தது. இன்றைய எல்இடி டிவிகள் படத்தை வாங்கி, மெருகேற்றி, கொஞ்சம் தாமதித்துக் காட்டுகின்றன. அந்தத் துப்பாக்கி இவற்றில் வேலைக்கு ஆகாது. டிவியில் மாட்டும் பெரிய கன்சோல் வாங்கிவிட்டு "பட்டன் அழுத்தினா லேட்டா குதிக்குது" என்று புலம்புபவர்கள் முதலில் டிவி செட்டிங்கில் கேம் மோட் என்று இருப்பதைப் போட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரியாகிவிடும்.

ஆனால் அந்தப் பெட்டியில் நான் ஆடிய நேரம் மிகக் குறைவு. டிவி அப்பாவுடையது. நான் நிஜமாகவே மணிக்கணக்கில் ஆடியது கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கடையில் வாங்கிய சாம்பல் நிற பிரிக் கேம். இரண்டு பென்சில் பேட்டரி, புள்ளி புள்ளியான திரை, கட்டம் அடுக்கும் விளையாட்டு. போர்வைக்குள் வெளிச்சம் இல்லாததால் தெருவிளக்கு விழும் ஜன்னல் ஓரமாகப் படுத்துக்கொள்வேன்.

நிண்டெண்டோவில் குன்பெய் யோகோய் என்று ஒருவர் இருந்தார். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆள் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கையடக்க விளையாட்டு யோசனை அவருக்கு வந்ததாம், 1980இல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. அப்புறம் 1989இல் கேம் பாய். கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது, நான்கு பென்சில் பேட்டரி போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடமே சேகா நிறுவனம் கலர் திரையும் விளக்கும் வைத்து கேம் கியரைக் கொண்டுவந்தது. ஆறு பேட்டரி, மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய், அதன் கலர் மாடலையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது, கேம் கியர் சுமார் 1 கோடி. அக்கா மகனிடம் இதைச் சொன்னேன். "அப்போ கலர் வேணாம்னு சொல்றீங்களா மாமா" என்றான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உவமை சொன்னால் ஏறாது.

சரி, 2008க்கு வருவோம். மின்வெட்டு நாட்கள். சேலத்தில் அந்த வருடங்களில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் நாலு பேர் அஸ்தம்பட்டியில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம், நாலு பேரும் காசு போட்டு வாங்கிய பழைய பிஎஸ் 2 ஒன்று. எல்லா ஆட்டமும் சேவ் ஆவது 8 எம்பி மெமரி கார்டில். சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேமில் முக்கால்வாசி முடித்து, சேவ் கொடுத்து, கார்டை எடுக்காதே என்று திரையில் எழுத்து வந்து நிற்கும்போது கரண்ட் போனது. திரும்ப வந்தபோது அந்த சேவ் திறக்கவே இல்லை. நாலு பேரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பக்கத்து ரூமில் ஒருவன் இருட்டில் பிஎஸ்பி என்ற கையடக்க மெஷினை வைத்து ஆடிக்கொண்டிருந்தான், அந்த நீல வெளிச்சம் கதவிடுக்கு வழியாகத் தெரிந்தது. அன்றைக்கு முடிவு பண்ணினேன், அடுத்து வாங்குவது பேட்டரியில் ஓடுவதுதான் என்று. வாங்குவதற்குப் பத்து வருடம் ஆனது என்பது வேறு கதை.

இப்போது என்னிடம் இருப்பது நிண்டெண்டோவின் ஸ்விட்ச். 2017இல் வந்தது, கையில் வைத்தும் ஆடலாம், டாக் என்ற தாங்கியில் வைத்து டிவியிலும் ஆடலாம். ஆனால் இதையே எல்லாருக்கும் சிபாரிசு செய்துவிட மாட்டேன். நிண்டெண்டோ இங்கே நேரடியாக விற்பதில்லை, ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கையடக்கமும் அப்படித்தான், வெளியிலிருந்து வரவழைக்கும் கடைக்காரர் கொடுக்கும் வாய்வார்த்தைதான் வாரண்டி. செகண்ட் ஹேண்டில் வேறொரு கையடக்க மெஷின் வாங்கி நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தால் தட்டையாக உட்காராமல் ஆடுகிறது, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. கடைக்காரர் "வெயில்ல வெச்சிருப்பீங்க" என்றார். அதனால் பழையது வாங்குபவர்கள் கடையிலேயே கண்ணாடி மேஜை மேல் மல்லாக்க வைத்துப் பாருங்கள், கட்டைவிரலால் நகர்த்தும் குச்சி இரண்டையும் சுற்றிவிட்டுக் கையை எடுங்கள், எடுத்த பிறகும் திரையில் ஏதாவது நகர்ந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கையடக்கத்தின் இன்னொரு லட்சணத்தை ஏற்காடு போனபோது பார்த்தோம். குடும்பத்தோடு இரண்டு கார். அடிவாரத்தில் ஏறும்போதே அக்கா மகன் என் ஸ்விட்சை வாங்கிக்கொண்டான். "மலையில வேணாம்டா" என்றேன். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் போர்டில் நம்பர் இருக்கும். கண் அசையாத திரையைப் பார்க்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வண்டி திரும்புகிறது திரும்புகிறது என்று சொல்கிறது, மூளைக்கு எதை நம்புவது என்று தெரியாமல் வயிற்றைப் புரட்டுகிறது. ஒன்பதாவது வளைவில் கண்ணாடியை இறக்கினான். பதினொன்றாவதில் வண்டியை நிறுத்தினோம். அக்கா எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகரச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, வாந்தி எடுத்ததே நான்தான் என்பது போல.

அன்று ராத்திரி மலையில் பனி இறங்கி, எதிரே இருந்த சில்வர் ஓக் மரமே தெரியவில்லை, கரண்டும் இல்லை. ஸ்விட்சை மேஜையில் நிற்க வைத்து, இரண்டு பக்கக் கன்ட்ரோலரையும் கழற்றி ஆளுக்கொன்றாக மரியோ கார்ட் என்ற ரேஸ் கேம் ஆடினோம். 6.2 அங்குலத் திரை, அதிலும் பாதி உனக்கு பாதி எனக்கு. என் வண்டி எது, வாழைப்பழத்தோல் எது என்றே தெரியாமல் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு ஆடினோம். வீட்டில் பெரிய டிவியில் ஆடும்போது கிடைப்பதில் கால்வாசிகூட இல்லை. இருந்தாலும் அந்த அறையில் அப்போது ஓடக்கூடியது அது ஒன்றுதான்.

மெஷின் கதை போதும், கேம் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிகம் காசை விட்டிருக்கிறேன். 2022இல் ஊரே புகழ்ந்தது என்று எல்டன் ரிங் டிஸ்க் வாங்கி, நண்பன் வீட்டு பிஎஸ் 5இல் போட்டேன். ஆட்டம் தொடங்கி வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்ட ஒருவன் குதிரையில் சுற்றிக்கொண்டிருப்பான். அவனைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், போகத்தான் வேண்டும், நான் போகவில்லை. இரண்டு வாரம், தினம் அரை மணி நேரம், அவனிடமே செத்தேன். அருமையான கேம்தான், சந்தேகமில்லை, ஆனால் எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு உட்காரும் ஆளுக்கு அது ஆகாது. டிஸ்க் என்பதால் பாதி விலைக்கு விற்க முடிந்தது. டவுன்லோடு வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. புது கேம் ஐயாயிரத்தைத் தொடும் இந்த நாளில் நான் கேசட், டிஸ்க் கட்சி. டிஸ்க் டிரைவ் இல்லாத பிஎஸ் 5 கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

எனக்குத் தோதானது ஸ்டார்ட்யூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டது, தோட்டம் போடுவது, மீன் பிடிப்பது, ஊராரோடு பழகுவது. அதில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் சுமார் 14 நிமிடம், படுத்தால்தான் சேவ் ஆகும். குக்கர் மூன்று விசில் வருவதற்குள் ஒரு நாளை முடித்துவிடலாம். இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று மணி பன்னிரண்டு ஆவதும் உண்டு.

இட் டேக்ஸ் டூ என்று ஒன்று, தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும். விவாகரத்துக்குத் தயாராகும் புருஷன் பொண்டாட்டி பொம்மைகளாக மாறிவிடும் கதை. என் மனைவி அதற்கு முன் கன்ட்ரோலரைத் தொட்டதில்லை. வலது குச்சியில் பார்வையைத் திருப்ப வேண்டும் என்பது பழகும் வரை அவள் பொம்மை வானத்தையே பார்த்துக்கொண்டு சுவரில் முட்டியது. நமக்கு அது மூச்சு விடுவது போல ஆகிவிட்டது, புதிதாக வருபவர்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கையால் இரண்டு கோலம் போடுகிற வேலை. நான்காவது நாள் என்னைப் பள்ளத்தில் விட்டுவிட்டு அவள் தாவிப் போனாள். அருவி நினைவுக்கு வந்தது.

அப்புறம் வெண்பா. 2023இல் வந்தது, கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அம்மா சமைப்பது. பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக கேம் விருது வாங்கியது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்கு இந்த விலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு வருத்தமில்லை. டிவியில் போட்டு ஆடிக்கொண்டிருந்தேன், அம்மா பின்னால் நாற்காலியில் பூ கட்டிக்கொண்டிருந்தது. முதல் புதிரே இட்லி. தட்டுகளை அடுக்க வேண்டும், நான் குழிக்கு நேராகக் குழி வைத்து அடுக்கிவிட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது. "டேய், தட்ட திருப்பி வை. இப்படி வெச்சா ஆவி எப்படி போகும், மேல் தட்டு இட்லில ஒட்டிக்கும்." திருப்பி வைத்தேன், சரியாக வந்தது. அதற்குப் பிறகு பூ கீழே இறங்கிவிட்டது, முடியும் வரை அம்மாதான் ஆடியது, நான் பட்டன் அழுத்தும் ஆள்.

அக்கா மகன் கடைசியில் கையடக்கம்தான் வாங்கினான், ஸ்விட்ச் ஓஎல்இடி. பழையது, மேஜையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினோம். கூடவே ஒரு கேசட். பிரித்துக் காட்டும்போது சொன்னேன், சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக இதன் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பு மருந்தைப் பூசியிருக்கிறார்கள் என்று. "சும்மா சொல்றீங்க" என்று பத்தொன்பது வயதுப் பையன் அதை நாக்கில் வைத்துப் பார்த்தான். அரைச் சொம்பு தண்ணீர் குடித்தும் போகவில்லை. அப்பாயி சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமலே வெல்லம் இருக்கும் டப்பாவைக் கை காட்டியது.