7290, 7291

12 நவம்பர் 2023, வைமர்

கட்டடக்கலை படிக்க இந்த ஊருக்கு வந்து ஓராண்டு ஆகிறது. ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பயணத்தை இன்று முடித்தேன். 6-ஆம் எண் பஸ் எட்டர்ஸ்பெர்க் குன்றின் மேல், நாஜிகளின் வதைமுகாமாக இருந்த புகென்வால்ட் வாசலில் இறக்கிவிட்டது.

முகாமின் இரும்புக் கதவில் ஒரு வாசகம் இருக்கிறது: அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. உள்ளே நிற்கிறவன் படிக்கும்படி அதைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். எழுத்துகளை வடிவமைத்தவர் பிரான்ஸ் எர்லிக். பௌஹவுஸ் என்ற நவீன வடிவமைப்புப் பள்ளியில் மாணவராக இருந்து இங்கே கைதியானவர். நாஜிகள் வெறுத்த அந்தப் பாணியிலேயே அவர்கள் வாசலுக்கு எழுத்து செய்து கொடுத்திருக்கிறார். வகுப்பில் பௌஹவுஸ் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். இதை நான் அந்த வாசலில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

கைதிகளைத் தலை எண்ணிய திடலில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். எல்லாக் காலத்திலும் 37 டிகிரி சூட்டிலேயே அது இருக்குமாம். கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வைத்தேன். சுற்றிலும் ஈரக் கல் விறைத்துக்கிடக்க, அந்த இடம் மட்டும் காய்ச்சல் இல்லாத ஒருவரின் நெற்றிபோல் இருந்தது. சற்று நேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

14 நவம்பர்

நூலகத்தில் உட்கார்ந்து ஒரே குடும்பத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். குஸ்தாவ் கிளைன்மன், வியன்னாவில் மெத்தை நாற்காலிகளுக்கு உறை தைத்துப் பிழைத்த யூதர். முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தில் சண்டையிட்டுப் பதக்கம் வாங்கியவர். அந்தப் பதக்கம் 1939-இல் எதற்கும் உதவவில்லை. அவரையும் 16 வயது மகன் பிரிட்ஸையும் பிடித்து இங்கே கொண்டுவந்தார்கள். வந்து சேர்ந்தது 2 அக்டோபர் 1939.

மகனுடைய எண் 7290. அப்பாவுடையது 7291. வரிசையில் பையனை முன்னால் விட்டு அப்பா பின்னால் நின்றிருக்க வேண்டும். ஆதாரமெல்லாம் கிடையாது, என் ஊகம்.

குஸ்தாவ் ஒரு சிறிய நோட்டை ஒளித்து வைத்து அதில் நாட்குறிப்பு எழுதினார். கல்குவாரியைப் பற்றி ஒரு கவிதைகூட அதில் உண்டு. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட முகாம் வாழ்க்கை ஒரு சின்ன நோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. நான் இரண்டு நாளுக்கே இத்தனை வரி எழுதிவிட்டேன்.

17 நவம்பர்

பட்டறையில் செங்கல் கட்டும் பயிற்சி. நூல் பிடித்து ஐந்து வரி எழுப்ப வேண்டும். என் சுவர் மூன்றாவது வரியிலேயே வயிறு தள்ளிவிட்டது. கலவையை அதிகம் வைத்துவிட்டேன். கரண்டியால் வழித்தெடுத்து, பிரித்து, மறுபடி கட்டினேன். விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு அரித்து எரிகிறது.

பிரிட்ஸ் கற்றுக்கொண்டதும் இதே வேலைதான். ராபர்ட் ஸீவர்ட் என்ற கம்யூனிஸ்ட் கைதி கட்டுமானக் குழுவுக்குக் கப்போவாக, அதாவது மற்றக் கைதிகளை மேற்பார்க்கும் கைதியாக இருந்தார். யூத இளைஞர்களுக்குக் கொத்தனார் வேலை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முகாமைக் காவல் காத்த நாஜி எஸ்.எஸ். படையினரிடம் வாதாடி அனுமதி வாங்கினார். வேலை தெரிந்தவனைக் கொல்லுமுன் அவர்கள் ஒரு தடவை யோசிப்பார்கள் என்பதுதான் கணக்கு.

கணக்கு பலித்தது. 1942 அக்டோபரில் ஜெர்மனிக்குள் இருந்த முகாம்களின் யூதர்களை ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்ப உத்தரவு வந்தபோது, புகென்வால்டில் கட்டட வேலைக்காரர்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். பிரிட்ஸ் தப்பினான். பட்டியலில் அப்பா பெயர் இருந்தது.

தானும் போகிறேன் என்று பிரிட்ஸ் கேட்டான். அது தற்கொலைக்குச் சமம் என்று ஸீவர்ட் தடுத்துப் பார்த்தார். பையன் அசையவில்லை. அப்போது அவனுக்கு 19 வயது. அவன் தாயையும் அக்கா ஹெர்த்தாவையும் அந்த ஜூன் மாதம்தான் மின்ஸ்க் அருகே மாலி திரோஸ்தினெத்ஸுக்குக் கொண்டுபோய்க் கொன்றிருந்தார்கள்.

18 நவம்பர்

இந்தக் கதையை யார் சொன்னாலும் மகன் அப்பாவோடு ரயிலேறியதோடு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் ஒரு எரிச்சல். அந்த அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை ஒருவனாவது பத்திரமாக இருக்கிறான் என்ற நினைப்போடு போயிருக்க வேண்டிய மனிதர். பக்கத்தில் அவனே வந்து உட்கார்ந்தால் மகிழ்வாரா, திட்டுவாரா? இரண்டும் இருந்திருக்கும்.

ஆஷ்விட்ஸில் அவர்கள் பிழைத்ததற்கும் உழைப்புக்கு ஆள் தேவைப்பட்டதே காரணம். ஐ.ஜி. ஃபார்பன் என்ற ரசாயன நிறுவனம் பக்கத்திலிருந்த மோனோவிட்ஸில் செயற்கை ரப்பர் தொழிற்சாலை கட்டிக்கொண்டிருந்தது. இருவரையும் அங்கே அனுப்பினார்கள்.

21 நவம்பர்

தூக்கம் வரவில்லை. 1945 ஜனவரியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சோவியத் படை நெருங்கியதும் மோனோவிட்ஸைக் காலி செய்து, நடக்கவைத்து, பிறகு கூரையில்லாத சரக்கு வண்டிகளில் ஏற்றினார்கள். ரயில் ஆஸ்திரியாவுக்குள் ஓடியது. சொந்த நாடு, பழகிய ஊர்ப் பெயர்கள். குதித்துவிடலாம் என்று பிரிட்ஸ் துடித்தான். குஸ்தாவுக்கு 53 வயது, குதிக்கத் தெம்பில்லை. நீ போ என்று மகனை அனுப்பினார். பனிக்குள் ஓடும் ரயிலிலிருந்து மகன் குதித்தான்.

1942-இல் மகன் செய்ததைவிட இது கடினம் என்றுதான் எனக்குப் படுகிறது. கூடவே இருப்பதற்குப் பிடிவாதம் போதும். விடுவதற்கு, குதித்தவன் எலும்பு முறிந்து கிடக்கிறானா, துப்பாக்கி அவனைப் பார்த்துத் திரும்பியதா என்று தெரியாமலே அதே வண்டியில் மேலே போக வேண்டும்.

சில நாளில் பிரிட்ஸ் பிடிபட்டான். கடைசியில் அவனை அடைத்தது ஆஸ்திரியாவிலேயே இருந்த மௌதௌசென் முகாமில். அப்பாவின் ரயில் போய்க்கொண்டிருந்ததும் அங்கேதான். ஆனால் இடமில்லை என்று அந்த முகாம் அந்த ரயிலை ஏற்க மறுத்துவிட்டதால், குஸ்தாவ் ஜெர்மனிக்குள் வேறு முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தார். அவற்றில் கடைசியான பெர்கன்-பெல்சன் 15 ஏப்ரலில் விடுதலையானபோது அங்கே உயிரோடு இருந்தார். மௌதௌசென் விடுதலையானது 5 மே.

22 நவம்பர்

வியன்னாவுக்கு முதலில் வந்தது மகன். இந்தத் தடவை காத்திருந்தது அவன். கோடை முழுக்கக் காத்திருந்தான்.

குஸ்தாவ் வந்துவிட்டார். நோட்டும் அவரோடு வந்தது.