பத்து சென்டிமீட்டர்

நாகர்கோவில்காரனுக்குத் திருவனந்தபுரம் வெளியூர் இல்லை. 1956 வரை நாங்களும் திருவிதாங்கூர்தானே. திருவனந்தபுரத்துக் காரியவட்டத்தில் உடற்கல்வி படித்துவிட்டு அந்த ஊரிலேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது பாளையம் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் தடகள மீட் டியூட்டி விழும்.

அந்த ஸ்டேடியம் என்றாலே ஊர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் ஞாபகம்தான். 1984 அக்டோபர் 1-ஆம் தேதி அங்கே நடந்த முதல் ஒருநாள் ஆட்டத்தில் இந்தியா 175 ரன்னுக்குச் சுருண்டது. ஆஸ்திரேலியா 29-க்கு ஒரு விக்கெட் என்று இருந்தபோது மழை வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அடுத்தது 1988 ஜனவரி 25. நம்ம ஸ்ரீகாந்த் 101 அடித்தார். அதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதுபோல சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 104 எடுத்தார், வெஸ்ட் இண்டீஸ் ஒரே விக்கெட்டை இழந்து ஜெயித்தது. அதோடு சரி. அந்த மைதானத்தில் சர்வதேச ஆட்டம் பிறகு நடக்கவில்லை.

எனக்கு அங்கே கிடைத்தது வேறு பாடம். அதற்கு முன்னால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்லூரி மைதானத்தில் முதல்முறையாகத் தனியாக 400 மீட்டர் ட்ராக் போட்டேன். மண் தரை, சுண்ணாம்புக் கோடு. புத்தகத்தில் இருந்தபடியே வளைவுக்கு ஆரம் 36.50 மீட்டர், நேர்ப்பகுதி 84.39, ஸ்டேகர், அதாவது வெளி லேன்காரனை முன்னால் தள்ளி நிறுத்துகிற தூரம், இரண்டாம் லேனுக்கு 7.04, எட்டாம் லேனுக்கு 53.03. ஒரு எண்கூடப் பிசகவில்லை. போட்டியும் நன்றாகவே முடிந்தது. முதல் லேனில் ஓடிய பையன்தான் ஜெயித்தான், அதுவும் ஒரு கையகலத்தில்.

அடுத்த வாரம் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில், காலங்காலமாக ட்ராக் போடுகிற பெரியவர் ஒருவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். பீடியை அணைத்துவிட்டுக் கேட்டார்: "மாஷே, கெர்ப் வச்சிருந்தீங்களா?"

இல்லை. கெர்ப் என்றால் ட்ராக்கின் உள்விளிம்பில் எழுப்புகிற சின்ன வரம்பு. சுண்ணாம்புக் கோட்டுக்கு ஏது கெர்ப்!

குச்சியை எடுத்து மண்ணில் கீறிக் காட்டினார். உள்விளிம்பில் உயரமான கெர்ப் இருந்தால், கால் தட்டிவிடுமே என்று ஓடுகிறவன் கொஞ்சம் தள்ளி ஓடுவான். அதனால் அதிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளித்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள். வெறும் கோடு என்றால் 20 சென்டிமீட்டர். புத்தகத்தின் 36.50 கெர்ப் இருக்கிற ட்ராக்குக்கு. கோடு மட்டும்தான் என்றால் 36.60 வைக்க வேண்டும், ஸ்டேகரும் லேனுக்கு 7.67 ஆகிவிடும். "ஆரம் அளக்கிற கம்பியில் பத்து சென்டிமீட்டர், மாஷே" என்றார். என் முதல் லேன் பையன் 400 மீட்டர் ஓடவில்லை. 63 சென்டிமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறான். கையகலத்தில் ஜெயித்தவன்!

அன்று முழுக்க அவர் பின்னாலேயே நடந்தேன். மையத்தில் இரும்பு முளை, அதில் மாட்டிய கம்பி. கயிறு கட்ட விடமாட்டார், நனைந்தால் ஒரு நீளம், காய்ந்தால் ஒரு நீளம் என்பார். துணி டேப்பைத் தொடவே மாட்டார். வளைவில் கம்பியை இழுத்துப் பிடிக்கிறவன் மூச்சுவிட்டால்கூடத் திட்டு விழும்.

2015-இல் தேசிய விளையாட்டுப் போட்டி கேரளத்துக்கு வந்தபோது தடகளம் அங்கேதான், சிந்தெட்டிக் ட்ராக்கில். கோடுகளெல்லாம் நிரந்தரமாகிவிட்டன, சுண்ணாம்பு வண்டிக்கு வேலை போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் அழிந்த கோட்டை மறுபடி போட்டுப் பார்த்தவன் யாரும் வருத்தப்பட மாட்டான்.

கிரிக்கெட் காரியவட்டத்துக்குப் போய்விட்டது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில்தான் கிரீன்ஃபீல்டு ஸ்டேடியமும் எழுந்தது. 2017 நவம்பர் 7-ஆம் தேதி நியூசிலாந்துடன் டி20. துலாவர்ஷ மழை கொட்டித் தீர்த்தது. 1984 கதைதான் என்று நினைத்தோம். தண்ணீர் வடிந்த வேகத்தில் 8 ஓவர் ஆட்டம் நடந்தது, இந்தியா 6 ரன்னில் ஜெயித்தது. கூட்டம் கோலியைப் பார்த்தது. நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தொழில் புத்தி.

ஓய்வு பெற்ற பிறகும் அழைத்தால் டியூட்டிக்குப் போகிறேன். சமீபத்தில் ஒரு மீட்டில், தடைகளைத் தாண்டி ஓடுகிற ஸ்டீபிள்சேஸுக்காக வளைவில் கொஞ்ச தூரம் கெர்ப்பைக் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு பையன் கோன்களைத் தோன்றியபடி வைத்துக்கொண்டு போனான்.

"நாலு மீட்டருக்கு மேல இடைவெளி விடக் கூடாதுப்பா."

"எதுக்கு சார்? கோடுதான் இருக்கே?"

பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தேன்.