குளத்துக்கு எழுதிய இரண்டு மனுக்கள்

முதல் மனுவை நான் தமிழில் யோசித்து பர்மியத்தில் எழுதினேன். தப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. 'எங்கள் அம்மன் கோயில் குளம் தூர்ந்து கிடக்கிறது, தூர்வாரித் தர வேண்டும்' என்று ஒரே பக்கம். கோயில் முத்திரை, தலைவர் மாமாவின் கையெழுத்து, செயலாளர் என்ற முறையில் என்னுடையது. டவுன்ஷிப் (நம் தாலுகா மாதிரி) மட்டத்து அலுவலகம் ஒன்றில் இருந்தவர் முதல் வரியைப் படித்தார், மதக் காரியத்துக்கு இந்தப் பணம் கிடையாது என்று கையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இது 2014-இல் நடந்தது. எங்கள் ஊர் பர்மாவின் (மியன்மார்) மொன் மாநிலத்தில், தட்டோனுக்குப் பக்கத்தில். மே மாதம் பிடிக்கிற மழை அக்டோபர் வரை விடாது. துணி காயாது, விறகு எரியாது. அதே ஊரில் மார்ச் பிறந்தால் கிணற்றடியில் குடம் வரிசை கட்டி நிற்கும். குளம் ஒன்றுதான் கதி. அந்தக் குளத்திலும் முழங்கால் அளவு சேறு.

அவர் சொன்ன 'இந்தப் பணம்' என்ன என்று சொல்லிவிடுகிறேன். 2013-14 நிதியாண்டிலிருந்து ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் ஆண்டுக்கு 10 கோடி கியாட் தொகுதி வளர்ச்சி நிதியாக வந்தது. குடிநீர், சின்னச் சாலை, பாலம், பள்ளிக்கூடப் பழுது இந்த மாதிரி வேலைகளுக்கு. ஒரு வேலைக்கு 50 லட்சத்தைத் தாண்டக்கூடாது. எந்த ஊருக்கு எந்த வேலை என்று பார்த்தவர்கள் அந்த டவுன்ஷிப்பின் நான்கு லுத்தோ (சட்டசபை) உறுப்பினர்கள்: தலைநகரின் கீழவைக்கு ஒருவர், மேலவைக்கு ஒருவர், மாநிலத் தலைநகர் மௌலமியனில் கூடிய மாநில லுத்தோவுக்கு இரண்டு பேர். 10 கோடி என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். 50 லட்சமாக வகுத்தால் 20 வேலை, அவ்வளவுதான். டவுன்ஷிப்பில் ஊர்களோ எண்ணி மாளாது.

திருப்பி வந்த மனுவை எடுத்துக்கொண்டு மாநில உறுப்பினர் ஒருவரைப் பார்க்கப் போனேன். சபை நடக்கும்போது தலைப்பாகையும் தைபொன் சட்டையுமாக போட்டோவில் மிடுக்காக இருப்பார். வீட்டில் பனியனும் லுங்கியும். முன்னறையில் ஒரு மேஜை, மேஜை மேல் பிளாஸ்க், சுற்றிலும் மனு வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர். லுத்தோ உறுப்பினரை இங்கே 'அமத்' என்பார்கள். நம் அமைச்சரும் அந்த அமத்தும் ஒரே வேரில் வந்தவை என்று இரவு வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. ஆனால் இந்த அமத் கையில் கஜானா எதுவும் இல்லை. அதைப் புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு நடை ஆயிற்று.

மனுவைப் படித்துவிட்டு, "சயா, அந்தக் குளத்தில் யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள்?" என்றார். சயா என்றால் வாத்தியார்.

"எல்லாரும்தான், அமத்ஜீ."

"எல்லாரும் என்றால் எத்தனை பேர்? எண்ணிக்கொண்டு வாருங்கள்."

மறுநாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு நோட்டையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தேன். முதலில் வந்தது நம் ஆள் இல்லை, மேட்டுத்தெரு பாஓ இனத்து அம்மா ஒருவர், தலையில் துண்டும் கையில் இரண்டு வாளியுமாக. அப்புறம் கரென் இனத்துப் பையன்கள் சைக்கிளில் எண்ணெய் டின் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஐந்தரைக்குப் பௌத்த மடத்துச் சிறுவன் தோளில் காவடிபோல் கம்பு வைத்து, முன்னும் பின்னும் டின் ஆட நடந்து வந்தான். எட்டு மணிக்குள் நோட்டில் 61 வீடு. அதில் தமிழ் வீடு 24. பிறந்ததிலிருந்து அதை நம் கோயில் குளம் என்றே நினைத்திருந்தவன் நான். நோட்டைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது மனுவில் அம்மன் பெயர் வரக்கூடாது என்று ஆனதும் தலைவர் மாமாவுக்குக் கோபம். "நம்ம ஆத்தா குளத்தை ஆத்தா பேர் இல்லாம எழுதுறியா?" என்று நாலு நாள் பேசவில்லை. குளம் இருக்கும் இடம் ஊர்ப் பொது நிலம், கோயில் பட்டாவில் அது கிடையாது என்று பழைய தாளை எடுத்துக் காட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். மாமா கையெழுத்து மூன்றாவதாகப் போனது. முதல் கையெழுத்து மடத்துச் சயாடோவுடையது, அதாவது தலைமைப் பிக்குவுடையது. கேட்டவுடனே போட்டார், கூடவே டீயும் கொடுத்தார். அவர் கையெழுத்து இருக்கிற தாளை எந்த மேஜையிலும் லேசில் தள்ளிவைக்க மாட்டார்கள்.

அப்புறம் ஊர் நிர்வாகி, பத்து வீட்டுக்கு ஒருவராக இருந்த தலைவர்கள். 2012 சட்டத்துக்குப் பிறகு அந்தத் தலைவர்கள்தான் ஓட்டுப் போட்டு நிர்வாகியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் அவர்களைப் பிடித்தால் அவரும் வந்துவிடுவார். சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாருடைய அடையாள அட்டை நம்பரும் வேண்டும் என்றார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் ஆளை மூன்று வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் பெரியவர்களில் சிலரிடம் முழுக் குடியுரிமை அட்டை இல்லை, இரண்டு பேரிடம் எந்த அட்டையும் இல்லை. "அந்தப் பெயர்களை எடுத்துவிடுங்களேன்" என்று ஒரு குமாஸ்தா சுலபமாகச் சொன்னார். குளத்தை வெட்டியதே அந்தப் பெரியவர்களின் அப்பாமார். பெயரை எடுக்கவில்லை, கடைசிப் பக்கத்துக்கு மாற்றினேன். அதுவும் எனக்கு உறுத்தல்தான்.

எஸ்டிமேட்டை நாங்களே போட்டோம். நைலான் கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு. நீளம் 100 அடி, அகலம் 80, ஆழம் இன்னும் 4 அடி வெட்ட வேண்டும். 32,000 கன அடி. மண் வேலைக்கு இங்கே 100 கன அடிதான் கணக்கு, ஆக 320. மண், கரை, செங்கல் படி, வேலி எல்லாம் சேர்த்தால் 64 லட்சம். அமத் பேனாவை எடுத்துப் படியையும் வேலியையும் அடித்தார். "இதை உங்கள் கைவேலை என்று எழுதுங்கள். ஊர் உழைப்புச் சேர்ந்தால் மற்ற மூன்று பேரிடமும் என்னால் பேச முடியும்." 48 லட்சத்தில் நின்றது. அவர் எங்களுக்குச் செய்த உதவி என்றால் அந்தப் பேனாக்கோடுதான்.

கூடவே பள்ளிக்கூடத்துக்குப் போகிற சாலையையும் கேட்டேன். தார் போட்டால் 50 லட்சத்துக்குள் அடங்காது, மாநில பட்ஜெட்டில்தான் வர வேண்டும் என்றார். அதற்கு முதலில் துறை கேட்க வேண்டும், மாநில அரசு சேர்க்க வேண்டும், அதன்பிறகே சபைக்கு வரும். மாநிலத்தின் பணத்தில் பெரும்பகுதி மேலிருந்து வருவது, வெட்டு விழுந்தால் எங்கள் ஊர் மாதிரி இடத்தில்தான் விழும். சபையில் கேள்வி கேட்கிறேன் என்றார், கேட்கவும் செய்தார். நிதி நிலைமை பார்த்துச் செய்யப்படும் என்று பதில். அந்தப் பதிலுக்கு எந்த மொழியிலும் அர்த்தம் ஒன்றுதான்.

குளத்துக்கு அனுமதி வந்தது ஆகஸ்டில், கொட்டுகிற மழையில். அப்போது நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச் 31-இல் முடிந்தது. நீர் வடிந்து டிசம்பரில் இயந்திரம் இறங்கி, மார்ச் முடிவதற்குள் பில், போட்டோ, கையெழுத்து எல்லாம் போய்ச் சேர வேண்டும். போட்டோவுக்கு நிற்கும்போது மாமா வேட்டி கட்டி வந்தார். படிக்கட்டுக்குச் செங்கல் சுமந்ததில் பாதிப் பேர் மேட்டுத்தெருக்காரர்கள்.

கரையில் நிதியின் பெயர், ஆண்டு, தொகை எழுதிய பலகை நட்டார்கள். முழுக்கப் பர்மியத்தில்.

சாலைக்கு 2019-இல் மறுபடி மனு கொடுத்தோம், வேறு அமத்திடம். 2021 பிப்ரவரி 1-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்தச் சபையே இல்லாமல் போனது. அந்த மனுவின் நகல் கோயில் பீரோவில், திருவிழா வரவுசெலவு நோட்டுக்கு அடியில் இருக்கிறது.