காமாவை நிறையோடு ஒட்டினால் கணக்கு எங்கே கோணும்?

சிறப்புச் சார்பியலில் விசைக் கணக்கு போடும்போது பலரும் வழுக்கும் இடம் ஒன்றுதான்: 'விசை = நிறை × முடுக்கம்' என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, நிறைக்குப் பதில் காமா × நிறை (இதைத்தான் 'கூடிய நிறை' என்பார்கள்) என்று போட்டுவிடுவது. காமா என்பது வேகத்தைப் பொறுத்த ஒரு பெருக்கெண்: நின்றால் 1, ஒளிவேகத்தை நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போகும். விசை பாதைக்குச் செங்குத்தாக இருந்தால் விடை சரியாகவே வரும். அதனால் பிழை கண்ணில் படுவதில்லை.

விசை என்பது உந்தம் மாறும் வீதம். உந்தம் என்பது காமா × நிறை × திசைவேகம். பாதையின் போக்கிலேயே தள்ளினால் வேகத்தோடு காமாவும் மாறும். வகைக்கெழு எடுத்தால் காமாவின் மூன்றாம் அடுக்கு வந்து நிற்கும். செங்குத்தாகத் தள்ளினால் அந்தக் கணத்தில் காமா மாறாது, ஒரு காமாதான் வரும்.

ஒளிவேகத்தில் 0.866 பங்கு வேகத்தில் ஓர் எலெக்ட்ரான் கிழக்கே போகிறது என்று வையுங்கள். காமா 2. வடகிழக்காக, சரியாக 45 பாகையில் ஒரு விசை. கிழக்குக் கூறை 8 ஆலும் வடக்குக் கூறை 2 ஆலும் வகுக்க வேண்டும். முடுக்கத்தின் வடக்குக் கூறு கிழக்கைப் போல 4 மடங்கு. அது கிழக்கிலிருந்து ஏறக்குறைய 76 பாகை திரும்பி நிற்கிறது. விசை ஒரு பக்கம், முடுக்கம் வேறு பக்கம்! 'கூடிய நிறை' என்ற பேச்சை நான் ஒதுக்குவதற்கு இது போதும்.

ஆற்றல் கணக்கு இவ்வளவு படுத்தாது. ஆற்றலின் வர்க்கம் = (உந்தம் × ஒளிவேகம்) வர்க்கம் + (ஓய்வு ஆற்றல்) வர்க்கம். ஓய்வு ஆற்றல் என்பது ஓய்வு நிறை × ஒளிவேக வர்க்கம்; மேலே வெறுமனே 'நிறை' என்றது இந்த ஓய்வு நிறையைத்தான். ஓய்வு நிறை மாறாது என்று கொண்டு வகையிட்டால், ஆற்றல் ஏறும் வீதம் விசைக்கும் திசைவேகத்துக்குமான புள்ளிப் பெருக்கல்தான் (போக்கின் திசையில் உள்ள விசைக் கூறு × வேகம்), நியூட்டனிடம் இருந்த அதே வடிவம். நின்ற எலெக்ட்ரானை 511 கிலோவோல்ட் வழியே விட்டால் காமா 2 ஆகும். அரை × நிறை × வேக வர்க்கம் என்று போட்டால் ஒளியைவிட 1.41 மடங்கு வேகம் வரும்! 1964இல் இயற்பியலர் வில்லியம் பெர்டோசி எலெக்ட்ரான்களை 15 மெகா எலெக்ட்ரான்வோல்ட் வரை முடுக்கிச் சோதித்தார். வேகம் ஒளிவேகத்தருகே தேங்கியது. ஆனால் அலுமினியத் தகட்டில் இறங்கிய வெப்பம், கொடுத்த ஆற்றல் முழுக்க உள்ளே போனதைக் காட்டியது.

ஓய்வு நிறை மாறினால், ஆற்றல் ஏறும் வீதம் விசைக்கும் திசைவேகத்துக்குமான புள்ளிப் பெருக்கல் என்ற இந்தச் சமன்பாடு உடையும். ஒளிவேகத்தில் 0.6 பங்கில் சீராகப் போகும் ஒரு கட்டியை, அதனோடு செல்பவர் பார்வையில் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சூடாக்குங்கள். வேகம் மாறாது, முடுக்கம் சுழி. ஆனால் ஓய்வு நிறை கூடுவதால் உந்தம் கூடுகிறது, ஆகவே நம் பார்வையில் விசை உண்டு. அந்த விசை × வேகம், ஏறும் ஆற்றலில் 36 விழுக்காட்டுக்கு மட்டுமே கணக்குச் சொல்லும். மீதி 64 வெப்பம்.